குனிய முடியாத ஒன்றியச் செயலாளர்

ஐயம்பேட்டை மாணிக்கவேல் கட்சியில் ஒன்றியச் செயலாளர் ஆனது பேச்சுத் திறமையால் அல்ல. மாவட்டச் செயலாளர் காரிலிருந்து இறங்கினால், அவர் கால் தரையில் படுவதற்குள் இவர் தலை தரையில் பட்டுவிடும். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சித்திரை மாதம் ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று டாக்டர் துர்கா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரமே இரண்டு தொடைகளும் அடித்துப் போட்டது போல வலித்தன. நாற்காலியை விட்டு எழவே மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் மாவட்டச் செயலாளர் பேருந்து நிழற்குடை திறக்க வந்தார். மாணிக்கவேல் முழங்காலை மடக்கிப் பார்த்தார். தொடை சுண்டி இழுத்தது. கை கூப்பியதோடு நின்றுவிட்டார்.

‘நிமிர்ந்து நின்ற மாணிக்கவேல்’ என்று வாட்ஸ்அப்பில் படம் பரவியது. எதிர்க்கட்சிக்காரர்கள் பட்டுச் சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சொந்தக் கட்சியில் மாணிக்கவேலின் பதவிமேல் கண் வைத்திருந்த கலியன், “தன்மானம்னா இன்னான்னு உங்களப் பாத்துதாண்ணே தெரிஞ்சிக்கினேன்” என்று சொல்லிவிட்டு, நேராக மாவட்டச் செயலாளர் வீட்டுக்குப் போய் இரண்டு முறை விழுந்தார்.

மாணிக்கவேல் அன்றே மாத்திரையை நிறுத்தி, யாரோ சொன்ன பூண்டுப் பாலுக்கு மாறினார். பத்து நாளில் வலி குறைந்தது. மனைவி ஜீவிதா விடவில்லை.

“பதவிக்கோசரம் மாரடைப்ப வரவச்சிக்குவியா? கெளம்பு டாக்டர்கிட்ட.”

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தசையில் பெரிய பாதிப்பில்லை. கொழுப்பு மட்டும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

“வலின்னா என்கிட்ட வரணும். நீங்களா நிறுத்தக் கூடாது. வேற வகை மாத்திரை, குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். அதுவும் ஒத்துக்கலன்னா தசை வலி வராத வேற மருந்துங்க இருக்கு. ஊசிகூட இருக்கு.”

“இதப் போட்டா கால்ல விழ முடியுங்களா டாக்டர்?”

“மாடிப்படி ஏறலாம். மத்தது உங்க கட்சி விவகாரம்.”

டாக்டரின் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு மாணிக்கவேல் மாவட்டச் செயலாளரைப் பார்க்கப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். மாவட்டச் செயலாளர் பழைய மாத்திரையின் பெயரைப் படித்ததும் அறையிலிருந்தவர்களை வெளியே அனுப்பினார்.

“நானும் இதத்தான்யா முழுங்கிக்கினு இருக்கிறேன். போன மாசம் சென்னையில தலைவர் கால்ல விழுந்தேன், எழுந்திரிக்க முடியல. எம்மாம் விசுவாசம்னு தலைவர் கண்கலங்கிட்டாரு. ரெண்டு பேர் வந்து தூக்குனாங்க. அந்த டாக்டரம்மா நம்பர் குடு.”

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஒரே காரில் டாக்டரிடம் போனார்கள். அதைப் பார்த்த கலியன், கட்சியை உடைக்க ரகசியப் பேச்சு நடக்கிறது என்று சென்னைக்குப் புகார் எழுதினார். காலில் விழுந்து எழாதவர் மேல் தலைவருக்கு அவ்வளவு நம்பிக்கை; பதில் வரவில்லை. மாணிக்கவேலுக்குப் புது மாத்திரையில் வலி முக்கால்வாசி போய்விட்டது. காலையில் ஜீவிதாவோடு நடக்கிறார்.