பாராட்டு மடலில் ஒரு வரி

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். வெந்நீர் விளாவி வைத்துவிட்டு மச்சானை எழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சவரம். ஸ்டூலை ஜன்னலோரம் போட்டால் அவனே வந்து உட்கார்ந்து கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவான்.

"போன வாரம் வெட்டினது இன்னும் ஆறலயேடா."

"போன வாரம் இல்ல மாமா. அதுக்கு முந்தின வாரம்."

இருபத்தேழு வயது. கூட்டல் கழித்தல் வராது, தனியாக பஸ் ஏறத் தெரியாது. நடந்ததை மட்டும் ஒரு சொல் பிசகாமல் வைத்திருப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர்.

அவனுடைய அக்கா, என் மனைவி, இறந்து மூன்று மாதமாகிறது. அந்த ஞாயிறு அறிவுசார் குறைபாடுள்ளோர் விளையாட்டுச் சங்கத்தில் தொண்டர்களுக்குப் பாராட்டு விழா. அவளுக்குரியதை நான் வாங்க வேண்டும்.

எட்டு வருடம் அவள் ஓட்டப் பந்தய எல்லைக்கோட்டில் நின்றாள். ஒவ்வொரு தடத்துக்கும், ஓடி முடிப்பவரை அணைத்துக்கொள்ள, ஒருவர் கைகளை விரித்து நிற்பார். ஓடி வருபவர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஓடுவார். கோட்டின் மேலேயே நின்றால் கோட்டுக்கு முன்னாலேயே வேகம் குறைந்துவிடும். அதனால் நாலடி தள்ளி நிற்பாள். மேனேஜர் மட்டும் எதற்கும் குறைக்க மாட்டான். நேராக வந்து மோதுவான். போட்டி நாட்களில் அவள் தோளுக்குத் தைலம் தடவுவது என் வேலை.

போன வாரம் சங்கத்தின் செயலாளர் என் ஆபீசுக்குப் போன் செய்திருந்தார். "தம்பி, மடல் பிரிண்டுக்குப் போகுது. உங்க வீட்டம்மா கடைசியா என்ன சொன்னாங்க? மனசத் தொடுற மாதிரி ஒரு வரி குடுங்க."

எதிரில் இரண்டு பேர் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். "'என் பிள்ளைங்க ஓட்டத்த நிறுத்திடாதீங்க'ன்னு சொன்னா" என்றேன்.

"போதும் தம்பி. இது போதும்."

கடைசி நாள் ஆஸ்பத்திரி அறையில் மேனேஜரும் இருந்தான் என்பது, போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

விழாவுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "மேடையில என்ன படிச்சாலும் நீ வாயத் திறக்கக் கூடாது."

"தப்பாப் படிச்சா?"

"தப்பாப் படிச்சாலும்."

"அப்ப யாரு மாமா சொல்றது?"

பஸ் வந்துவிட்டது.

விழாக் கூடத்தில் எங்களுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் டிரைவர் கேடயம் வாங்கினார். அடுத்து, எண் போட்ட பனியன்களை இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர். "கேடயம் எதுக்குங்க? பயலுங்க மாசத்துக்கு ஒரு பனியன் கிழிக்கிறதோட நிறுத்திக்கிட்டாப் போதும்" என்றார். கூடம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தான்.

பிறகு நாங்கள் ஏறினோம். செயலாளர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்த வரியில் குரல் கம்மியது.

"இல்ல" என்றான் மேனேஜர். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அக்கா அப்படிச் சொல்லல."

செயலாளர் அவன் தோளைத் தட்டினார். "பாவம், இவனுக்கு என்ன புரியும். அக்கா மேல அவ்வளவு பாசம்."

முன்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள்.

"நான் அங்கதான் இருந்தேன். அக்கா சொன்னது..."

மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "சரிடா கண்ணு, சரி. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். மேனேஜர் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தான். பயந்தால் அப்படித்தான், ஒரே சுதியில், நிறுத்த வராது.

"மாமா, நீயும் இருந்தல்ல. நீ சொல்லு."

இப்படியே இறங்கினால் அவன் ஒன்றும் புரியாதவனாக இறங்குவான். அவனைப் போன்றவர்களுக்காகவே நடக்கும் சங்கத்தில், அவளுடைய பெயரில்.

"அவன் சொல்றதுதான் சரி சார். அந்த வரி நானாச் சொன்னது."

"விடுங்க தம்பி, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் தாழ்ந்த குரலில். நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

கடைசி நாள் காலையிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுத்தது. இவன் தலைமாட்டில் நின்று இதே போல விடாமல் முனகினான். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். சொன்னாள். நாங்கள் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

மேடையில் மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு சொல் மாறினாலும் திருத்தத் தயாராக. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய போங்கப்பா. என்னால முடியல."