எல்லாம் சாப்பிடுவான்

“எல்லாம் சாப்பிடுவான்” என்று அக்கா தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய மகன் கீர்த்திகன் முட்டைப் பொரியலுக்குள் ஒளிந்திருந்த வெங்காயத் துண்டு ஒன்றைச் சத்திரசிகிச்சை நிபுணரின் நிதானத்தோடு வெளியே எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தான். அது நாலாவது துண்டு. மறுமுனையில், சுவிற்சர்லாந்திலிருந்து, அத்தான் ஏதோ கேட்டார். “இறாலோ? இறால் எண்டால் அவனுக்கு உயிர்” என்றாள் அக்கா. பிறந்து பத்து வருடமாக இறாலுக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவன் தலை நிமிரவில்லை.

இந்தப் பொய்க்கு எட்டு வயது. நாகேந்திரம் அத்தான் போனபோது கீர்த்திகனுக்கு இரண்டு வயது. முதல் தடவை அத்தான் அழைத்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சல், ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பனிக்குள் தனியே நிற்கிற மனுசனுக்கு அதை ஏன் சொல்ல வேண்டும் என்று அக்கா “வடிவாச் சாப்பிடுறான்” என்றாள். அதன் பிறகு திரும்பி வர வழி இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் இரண்டு அறை வீட்டில், என் மருமகன் தொலைபேசி வழியாக ஆட்டிறைச்சியும் கணவாயும் பாகற்காயும் சாப்பிட்டு வளர்ந்தான். நேரில் அவன் சாப்பிட்டது மூன்று: அக்கா அவிக்கிற புட்டு, அக்கா பொரிக்கிற முட்டை, கதலி வாழைப்பழம். பழத்தை அக்கா பொரிக்கவோ அவிக்கவோ தேவையில்லை. உரித்துக் கொடுத்தால் போதும்.

அங்கே அத்தான் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, ஏழாவது வருடம் பீட்சா போடுகிற இடத்துக்கு உயர்ந்திருந்தார். இப்போது விசா வந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் விமானம். வந்திறங்குகிற அன்று இரவே பிள்ளைகளைத் தன் உணவகத்துக்குக் கூட்டிப்போய், தன் கையால் சமைத்துப் போடப்போவதாக அத்தான் சொன்னார். முதலாளி சம்மதித்துவிட்டாராம். கூட வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருக்கிறாராம்: என்ரை மகன் எதை வைத்தாலும் சாப்பிடுவான்.

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் படிக்கிற கம்பஸ் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்ததால் ஒரு மாதமாக வீட்டில் மேசை கதிரைகளோடு இன்னொரு தளபாடம் போல இருந்தேன்.

“தம்பி, அவிசாவளைப் பக்கம் ஒரு பார்க் இருக்காமே, இராட்டினமும் தண்ணிச் சறுக்கலும். அதுக்குள்ளை நாலு நாட்டுச் சாப்பாட்டுக் கடை இருக்காம். நாலிலை ஒண்டையாவது உவனுக்குப் பழக்கிக்கொண்டு வா.”

“பத்து வருசமா உன்னாலை ஏலாததை நான் ஒரு நாளிலை செய்யிறதோ?”

“நீதானே உலகத்துக்கு எல்லாம் புத்தி சொல்லிக் கம்பஸ் சுவரிலை எழுதி ஒட்டுறனி. ஒரு சின்னப் பெடியனுக்குச் சொல்லன்.”

பார்க்கின் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தேடிப்பிடித்து நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். நாலு உணவகங்கள்: கடற்கொள்ளையர் கப்பலில் சீனச் சாப்பாடு, மரக்கோட்டையில் பொரித்த கோழி, ஓலைக் குடிசையில் சட்டிச் சோறு, சாய்ந்த கோபுரத்தடியில் பீட்சா. என் தெரிவு கோபுரம்தான். ஆனால் ஒரேயடியாகப் பீட்சாவில் இறக்கினால் பையன் மிரளக்கூடும் என்பதால் சீனச் சோற்றில் தொடங்கிப் படிப்படியாக இத்தாலிக்கு நகர்வதாகத் திட்டம். மயூரதிக்கு அதை விளக்கினேன். கீர்த்திகனின் அக்கா அவள், பன்னிரண்டு வயது. அவளும் இலேசுப்பட்டவள் அல்ல. எதையும் சாப்பிடுவாள், ஆனால் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. அவள் தட்டில் சோற்றுக்கும் பருப்புக்கும் நடுவே, யுத்தம் அடைத்த யாழ்ப்பாணத்து ஏ-ஒன்பது பாதை எப்போதும் மூடியே இருக்கும். பீட்சா என்பது எல்லாம் எல்லாவற்றின் மேலும் கிடக்கிற பண்டம் என்று நான் சொன்னதும், “அப்ப எனக்கு வெறும் பாண் வாங்கித் தாங்கோ மாமா” என்றாள்.

ஞாயிறு காலை என் அடையாள அட்டை, தமிழர் கூடவே வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், இவற்றோடு நீச்சல் உடுப்பையும் எடுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் புறப்பட்டோம். பார்க் வாசலில் காவலாளி பையைத் திறந்தார். துவாய்க்கு அடியில் ஒரு பால்மா டின். மூடியைச் சுற்றி மூன்று சுற்றுக் கறுப்பு டேப். அக்காவுக்கு என் ஆராய்ச்சியில் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். புட்டு காயாமல் இருக்க அவள் டேப் சுற்றியிருக்கிறாள். குண்டுகள் வெடித்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கொழும்புப் பக்கத்தில், ஒரு தமிழ்ப் பெடியனின் பையில், டேப் சுற்றிய டின் எப்படித் தோன்றும் என்ற யோசனை புட்டு அவிக்கிற நேரத்தில் யாருக்கும் வராது.

காவலாளி இரண்டடி பின்னால் போனார். “மே மொகத்த?” இது என்ன என்று கேட்டார்.

“கேம, அய்யே. பொடி மல்லிட்ட” என்றேன். சாப்பாடு, சின்னவனுக்கு. என் சிங்களம் நடுங்கியது.

என்னையே திறக்கச் சொன்னார். திறந்தேன். தேங்காய்ப்பூவின் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தவரின் முகம் இளகியது. ஆனால் சட்டம் இளகவில்லை. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது. ஒன்றில் வாசலில் விட்டுப் போகலாம், இல்லாவிட்டால் இங்கேயே சாப்பிட்டு முடிக்கலாம். சாப்பிட்டால் அது சாப்பாடுதான் என்பதும் நிரூபணமாகிவிடும்.

கீர்த்திகன் தன் வாழ்நாளில் இவ்வளவு கடமையுணர்வோடு எதையும் செய்ததில்லை. காவலாளியின் கதிரையிலேயே உட்கார்ந்து ஒரு டின் புட்டையும் அதன் மேல் மடித்து வைத்திருந்த இரண்டு முட்டைப் பொரியலையும் அடி தெரிய முடித்தான். “ஹொந்தாய்த, மல்லி?” என்று அவர் கேட்க, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினான். காலை பத்து மணிக்கு, உள்ளே கால் வைக்கும் முன்னரே, நாலு நாடுகளும் தோற்றுப்போயின.

பசிக்க வைக்கிற வேலை மிஞ்சியது. தண்ணீர்ச் சறுக்கலில் பதினொரு தரம் விட்டேன். முட்டி மோதுகிற காரில் விட்டேன். படிப்படியாகப் போக நேரமில்லை, ஒரு மணிக்கு நேரே சாய்ந்த கோபுரத்தடிக்குப் போனோம். கட்டிய மேசன் நேர்மையானவர் போலும், கோபுரம் நிமிர்ந்து நின்றது. கீர்த்திகன் தட்டில் வந்த முக்கோணத்தை நீண்ட நேரம் பார்த்தான். பிறகு விரலால் மெல்லத் தள்ளினான். கோபமோ அடமோ இல்லை. “மாமா, எனக்குப் பயமாக் கிடக்குது” என்றான். என்ன பயம் என்று கேட்டதற்குத் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினான். மயூரதி பீட்சாவைத் தளம் தளமாகக் கழற்றி, பாணை ஒரு பக்கமும் தக்காளியை ஒரு பக்கமும் வைத்துச் சாப்பிட்டாள். ஒரு கட்டடத்தை இடிப்பதில் இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

இராட்டினத்தின் உச்சியில் வைத்துத்தான் அவன் அதைக் கண்டுபிடித்தான். “மாமா, அங்கை பாருங்கோ. நாலு கடைக்கும் ஒரே குசினி!” உண்மைதான். கப்பலும் கோட்டையும் குடிசையும் கோபுரமும் முன்னால் நாலு திசை பார்த்து நின்றாலும், பின்பக்கம் எல்லாம் ஒரே தகரக் கூரைக்குள் போய்ச் சேர்ந்தன. ஒரே சமையலறை, ஒரே புகைபோக்கி. என் ஆராய்ச்சி மேலேயிருந்து பார்க்க மிகவும் சின்னதாகத் தெரிந்தது. இறங்கியதும் அவன் கூரையை நோக்கி நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பின்கதவு திறந்திருந்தது. உள்ளே என் வயதுடைய ஒருவன் அடுப்புக்கு முன்னால் நின்றான். சுவரில் நாலு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆணியில் ஒரு தொப்பி. மணி அடித்த ஜன்னலுக்குரிய தொப்பியை மாட்டிக்கொண்டு தட்டை நீட்டுவான். அடுத்த மணிக்கு அடுத்த தொப்பி. கொள்ளையன் ஒரு நிமிடத்தில் இத்தாலியன் ஆனதைக் கீர்த்திகன் வாய் பிளந்து பார்த்தான்.

“என்னா தம்பி, வழி தவறிட்டீங்களா?” மலையகத் தமிழ். பெயர் அழகர், பொகவந்தலாவைப் பக்கம் என்றான்.

கீர்த்திகன் என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் போனான். “அண்ணா, நீங்கள் சமைச்சதை ஒராள் சாப்பிடாட்டி என்ன செய்வீங்கள்?”

“என்னா செய்றது? தட்டு திரும்பி வரும். ஜன்னல்ல எட்டிப் பாப்பேன், யாருடா அதுன்னு.”

“பாத்திட்டு, திருப்பி அனுப்பி விடுவீங்களோ?”

“தட்டயா?”

“அந்த ஆளை.”

அழகர் சிரிக்க வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். எட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் தலை நிமிராமல் இருந்தவன், ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். தொலைபேசிக்குள் இன்னொரு கீர்த்திகன் வளர்ந்துகொண்டிருந்தான். இறால் சாப்பிடுகிறவன், அப்பாவுக்குப் பிடித்தவன். அவனை எதிர்பார்த்து விமான நிலையத்தில் நிற்கிற ஒருவரிடம் இவன் போய் இறங்க வேண்டும். நாங்களோ இவனுக்குப் பீட்சா பழக்கிக்கொண்டிருந்தோம்.

“யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டோம் தம்பி” என்றான் அழகர். “ஒண்ணு சொல்லவா? இந்த நாலு ஜன்னல்ல போறது எதையும் நான் சாப்புடுறதில்ல. வயித்துக்கு ஒத்துக்காது.” அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். தடித்த கோதுமை ரொட்டி, ஓரத்தில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். “நம்ம சாப்பாடு இதான். வேணுமா?”

கீர்த்திகன் மயூரதியைப் பார்த்தான். “ரெண்டும் ஒண்டோடை ஒண்டு முட்டேல்லை. நீ சாப்பிடலாம்” என்று அவள் சான்றிதழ் வழங்கினாள். அவன் ஒரு துண்டு பிய்த்தான். வாயில் வைத்தான். கண்ணில் நீர் வந்தது. “உறைக்குது” என்றான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் பிய்த்தான். ஒரு மணி அடித்தது, இன்னொன்று அடித்தது. அழகர் எந்தத் தொப்பியும் போடாமலே தட்டுகளை நீட்டினான். பாதி ரொட்டி முடிந்தபோது மூன்று பேரும் அவனைப் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான்.

மருதானையில் பஸ் மாறி, காலி வீதியால் வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கொள்ளுப்பிட்டியைத் தாண்டும் முன் என் கைத்தொலைபேசி அடித்தது. ஆறு மணி. நாங்கள் வீடு போய்ச் சேரவில்லை என்று அக்கா என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் தமிழ் கதைப்பதைக் கூடியவரை தவிர்க்கிற காலம் அது. அப்படியே கதைத்தாலும் இருமுவது போலக் கதைப்போம். நான் வாயைப் பொத்தி, “அத்தான், பெடியன் இண்டைக்குப் பீட்சா…” என்று பரம்பரைப் பொய்யை மேற்கொண்டு நடத்தத் தொடங்கினேன். கீர்த்திகன் தொலைபேசியை என் காதிலிருந்து எடுத்தான்.

“அப்பா” என்றான், வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற குரலில். முன் ஆசனத்தில் இரண்டு தலைகள் திரும்பின. “அம்மா சொன்னது பொய். நான் எல்லாம் சாப்பிட மாட்டன். புட்டு, முட்டைப் பொரியல், கதலி வாழைப்பழம். அவ்வளவுதான். இண்டைக்குப் பாதி ரொட்டி.”

மயூரதி என் சேர்ட் கையைப் பிடித்தாள். கீர்த்திகன் காதில் தொலைபேசியை அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். பஸ் நின்றது. சோதனைச் சாவடி. முன்கதவால் ஒரு சிப்பாய் ஏறினான். என்னைவிட இளையவனாக இருக்கலாம். பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கியது. அடங்காமல் இருந்தது ஒரே ஒரு குரல்.

“ஓம்… ஓம் அப்பா… இல்லை, முட்டைக்கு வெங்காயம் போடக்கூடாது. பச்சை மிளகாயும் வேண்டாம்… உப்புக் கொஞ்சம்.”

நான் அடையாள அட்டையை நீட்டினேன். சிப்பாய் அதை வாங்கவில்லை. தமிழில் சத்தம் போட்டுக் கதைக்கிற அந்தச் சின்ன உருவத்தின் முன்னால் வந்து நின்று, தொலைபேசிக்காகக் கையை நீட்டினான். மயூரதியின் பிடி இறுகியது. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிச் சொல் தேடினேன்.

“என்ன, பேனை எழுதேல்லையோ? சரி, வேறை எடுங்கோ. நான் நிக்கிறன்” என்றான் கீர்த்திகன். கண்ணைத் திறந்தான். நீட்டிய கையைப் பார்த்தான், அதற்கு மேலே தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பிறகு, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, மற்றக் கையின் ஆட்காட்டி விரலை மெல்ல உயர்த்தினான்: ஒரு நிமிசம்.

சிப்பாய் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.