கொடி பறக்கும் பக்கம்

சூளைக்குள் ஏழு டைல்ஸ் போய்விட்டன. மீதியை நான் எடுத்துக் கொடுக்க, சூளை அடுக்கும் வீரம்மாக்கா வாங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டும் சேர்ந்தால் ஒரு கப்பல். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த அந்தக் காலத்துப் பாய்க்கப்பலைப் போலவே இப்போது கட்டிய ஒன்று. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஓட்டல் சுவருக்குப் போகிறது. ஓட்டல்காரர்கள் கொடுத்த போட்டோவில் அது பாயைச் சுருட்டிக்கொண்டு கரையோரம் நின்றது. அலையையும் காற்றையும் நானே சேர்த்தேன். பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த எனக்கு இதுதான் முதல் படம்.

எட்டாவது டைல்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தார் வீரம்மாக்கா. "ஏ தமிழினி, கொடி நல்லாத்தான் பறக்குது. கட்சிக்காரன் காரு மாதிரி!"

சிரித்தேன். உடனே நிறுத்தினேன்.

காரை எஞ்சின் ஓட்டுகிறது. அதனால் கொடி பின்னால் பறக்கும். கப்பலைத் தள்ளுவதே காற்றுதான். பாய் முன்பக்கம் புடைத்திருக்கும்போது கொடி மட்டும் எப்படிப் பின்னால் பறக்கும்? பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் வரைந்தது! துறைமுகத்து ஆட்கள் சாப்பிட வந்தால் முதலில் இதைத்தான் பார்த்துச் சிரிப்பார்கள். வெந்துவிட்டால் அழிக்கவும் முடியாது.

"நிறுத்துங்க!"

என் குரல்தான். அந்தப் பக்கம் நின்ற முதலாளி கோவிந்தராசுகூடத் திரும்பினார்.

"கொடி தப்புங்க. முன்னால பறக்கணும். உள்ள போன பக்கத்து டைல்ஸும் வெளிய வேணும்."

"நாலு மணிக்குப் பத்த வைக்கணும்மா. மத்தவங்க சரக்கும் இருக்குது."

"பத்து நிமிஷங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வீரம்மாக்கா உள்ளே போனதை உருவி, எட்டாவதோடு சேர்த்து என் மடியில் வைத்துவிட்டார். "வாய விட்டது நான்தான. போடு, சீக்கிரம்."

பழைய கொடியை பிளேடால் சுரண்டினேன். வெள்ளை கிளேஸ் பூச்சு பொடியாக உதிர்ந்தது. மேலே புதிதாகத் தடவினேன். இரண்டு டைல்ஸையும் ஒட்டி வைத்து, கொடியை ஒரே இழுப்பில் முன்னால் வரைந்தேன். சுடும் முன் கோபால்ட் சாயம் கரி மாதிரிதான் தெரியும். நீலம் வருவது நெருப்பின் பொறுப்பு.

மூன்றாம் நாள் சூளை திறந்தார்கள். வீரம்மாக்கா துணி சுற்றி எடுத்துத் தர, சூடு ஆறும் முன்பே தரையில் அடுக்கினேன். கடல் நீலம்! பாய் நிறையக் காற்று! கொடி கப்பலுக்கு முன்னால் பாய்ந்தது.

சுரண்டிய இடத்தில் மட்டும் லேசான நீலக் கறை. கோவிந்தராசு குனிந்தார்.

"இது என்னம்மா?"

"மேகங்க."

வீரம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி இன்னொரு தரம் பார்த்தார்.

"சரி. ஓட்டலுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு, கப்பலு ரெடின்னு."

போட்டேன்.