ஒன்பதாம் நம்பர் கல்

தியானத்துக்கு வந்த இடத்தில் யாரும் கோபப்படக் கூடாது என்று பிரதர் ஜொனி முதல் நாளே சொல்லிவிட்டார். கோத்தகிரியிலிருந்து நாற்பது பேரைக் கடல் தாண்டி இலங்கையின் அப்புத்தளைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். நாலாம் நாள் ‘குடும்ப உலா’ என்று எல்லோரையும் காட்டுக்குள் அழைத்துப் போனார் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது.

காடாம் காடு! நான் பிறந்த தோட்டத்தின் கீழ்ப்பிரிவு அது. கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலையெல்லாம் மரமாகி நிற்கிறது. “என்ன ஒரு இயற்கை, சிஸ்டர்!” என்று பூரித்துப்போனார் ஜொனி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அம்மா இருதயம்மாவுக்கு எழுபது வயது. முழங்கால் வலியோடு அவள் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தது தியானத்துக்காக அல்ல. என் தம்பி அந்தக் காட்டில்தான் கிடக்கிறான். பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறையில் இடமில்லை என்று அன்றைய உபதேசியார் கதவைச் சாத்திவிட்டார். அப்பா தேயிலைக்குள் குழி வெட்டிப் புதைத்தார். மறு வருடம், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைத் துண்டையும் மலை என்போம்; மலைக்கு மலை நம்பர் வெட்டிய கல் நட்டிருப்பார்கள். தம்பிக்கு இருந்த ஒரே விலாசம் அதுதான். “ஒம்பதாம் நம்பர் கல்லு, கீழ பன்னெண்டு எட்டு நடக்கணும்” என்று நாற்பத்து மூன்று வருடமாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு அம்மா மெதுவாக நடந்தாள். நானும் என் கணவர் மாணிக்கராஜும் ஆளுக்கொரு கை பிடித்தோம். எட்டாம் நம்பர் கல் பாசி பிடித்து நின்றது. பத்தாம் நம்பரும் இருந்தது. நடுவில் ஒன்பதைக் காணவில்லை. ஒரு மணி நேரம் புதரை விலக்கி விலக்கிப் பார்த்தோம். கை முழுக்க முள் கீறி ரத்தம். “இங்கதான்டி இருந்துச்சு, ஷிரோமி, இங்கதான்” என்று அம்மா விம்ம ஆரம்பித்துவிட்டாள்.

சமையல் வாசனை வந்த பக்கம் போனோம். ஓடையோரம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். மேலே கோழிக் குழம்பு கொதித்தது. ஒரு கல்லில் கரி படிந்த ‘9’ தெரிந்தது.

“நல்ல சதுரக் கல்லாக் கெடச்சுது, சிஸ்டர். நானே புடுங்கித் தூக்கியாந்தேன்” என்றார் ஜொனி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அட பாவி மனுஷா! அது என் தம்பியோட கல்லு!” என்று கத்தினேன். கதை முழுவதையும் நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்தேன். அவர் முகம் கறுத்தது. ஆனாலும் பிரசங்கம் விடவில்லை. “வருத்தப்படாதீங்கம்மா. ஆண்டவருக்குத் தெரியாத எடமா?”

“அவருக்குத் தெரியும். எனக்குல்ல தெரியணும்?” என்றாள் அம்மா.

குழம்புப் பானையை இறக்கி வைத்தேன். அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். மாணிக்கராஜ் கை சுடாமலிருக்க ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கல்லைத் தூக்கக் குனிந்தார்.

“நீங்க தொடாதீங்க. புடுங்குனவர் தூக்கட்டும்” என்றேன்.

ஜொனிதான் தூக்கினார். வேறு வழி? வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. ஏற்றத்தில் இரண்டு தடவை கல்லை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. பெரிய இலைகள் மூடிக் கிடந்த புதுக் குழியை அவரே காட்டினார். நாங்கள் அதைத் தாண்டி மூன்று தடவை நடந்திருக்கிறோம். கல்லை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார்.

அம்மா கல்லில் கை வைத்து நின்றாள். “நீ நட, ஷிரோமி. என் காலு இப்ப அவ்வளவு எட்டாது. அப்ப நான் ஒன்னவிடச் சின்னவ.”

எண்ணிக்கொண்டே இறங்கினேன். பன்னிரண்டாவது எட்டில் ஒரு தேயிலை மரம், அதன் அடியில் சருகு. வேறொன்றும் இல்லை. அம்மா உட்கார்ந்தே நகர்ந்து வந்து, முந்தானையில் முடிந்திருந்த மெழுகுதிரியை எடுத்து ஏற்றினாள்.

ஜொனி பின்னாலேயே வந்து கைகளை விரித்தார். “ஒரு ஜெபம் பண்ணிடலாம்மா. புள்ள பேரச் சொல்லுங்க.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அன்னைக்கு உபதேசியார் வாசல்ல, பெத்த பச்ச ஒடம்போட நின்னேன். ஒரே ஒரு ஜெபம்னு கெஞ்சுனேன். குடுக்கல. இப்ப வேணாம் தம்பி. போங்க, கோழி ஆறிரும்.”

அவர் ஏறிப் போய் வளைவில் மறையும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.