அடியில் ஒரு குரல்

டெத் மெட்டல் என்கிற உறுமல் இசையைக் கேட்கிறவர்கள் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. பிணம், புழு, சவக்குழி என்று இருபத்தெட்டு வருஷமாக உறுமிக்கொண்டிருந்த 'நிணம்' குழுவின் எட்டாவது ஆல்பத்தை, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று ஒரே வரியில் புதைத்துவிட்டார்கள். "பெரியவருக்கு யாராச்சும் இருமல் மருந்து வாங்கிக் குடுங்கப்பா" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து வந்த ஒன்பதாவது, 'மண் தின்ற வாய்', அதே ஆட்களின் வாயை அடைத்தது. நாலாவது பாட்டை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன் என்று ஒருவன் எழுதினான். பாடகரின் உறுமலுக்கு அடியில் இன்னொரு குரல் இருக்கிறது, அது மனுஷக் குரலே இல்லை என்று இன்னொருவன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: அந்த அடிக்குரலை எந்த மெஷினில் செய்தீர்கள்?

பதில் தெரிந்த ஆள் ஒருத்தன்தான். ஒன்பது ஆல்பத்தையும் பதிவு செய்து ஒலி கலந்தவன். காது என்றால்தான் அவனைத் தெரியும். பாடகருக்கு அவன் மச்சான். அக்காவைக் கட்டியவர் என்பதால் அவனுக்கு அவர் மாமா, கேட்கிறவர்களுக்குப் பாதாளம். பகலில் சரக்குக் கிட்டங்கியில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பதிவுக்கூடம் டிரம்மரின் டயர் கடைக்கு மேல் ஒரே அறை. சுவரெல்லாம் பழைய கம்பளம், எந்நேரமும் ரப்பர் நாற்றம். கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடாத விடுமுறை நாளில்தான் பாட்டு. அங்கே முதல் ஆல்பத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டுக்கு முன்னால் பாதாளம் வார்த்தையே இல்லாமல் பத்து விநாடி உறுமுவார். ஆழம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். மைக்கைச் சரிசெய்வதற்காக ஆரம்பித்தது, பிறகு விடப் பயமாகிப்போய் ஒட்டிக்கொண்டது. ஒன்பதையும் காது அழிக்காமல் வைத்திருந்தான்.

ஒன்பதாவது ஆழத்தில்தான் அதைக் கேட்டான். உறுமலுக்குக் கீழே மெல்லிய சீழ்க்கை. மைக் கம்பி கெட்டிருக்கும் என்று மூன்று கம்பி மாற்றினான். மைக்கை மாற்றினான். கீழே போய் டயர் கடையின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வந்தான். போகவில்லை; பாட்டுகளிலும் கூடவே ஓடியது. சனியன் கிடக்கட்டும் என்று கலக்கும்போது ஒரு தடவை அதன் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தான். கையில் மயிர் நட்டுக்கொண்டது. இன்னும் ஏற்றினான்.

பாதாளம் கேட்டுவிட்டு நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னடா பண்ணின என் குரலை?"

"ஒரு வித்தை, மாமா."

"என்ன வித்தை?"

"தொழில் ரகசியம். சொன்னா நாளைக்கு ஊர் பூரா பண்ணுவான்."

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழத்தை உலுக்கினது நான்தான் என்று காது சொல்லிக்கொண்டான். முப்பது வருஷத்தில் யாரும் அவன் பேரைக் கேட்டதில்லை. ஆல்பம் வந்ததும் இரண்டு பேட்டி எடுத்தார்கள். இரண்டிலும் அதையே சொன்னான்.

ஆல்பம் வந்த பதினோராவது நாள் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது.

"பதினாறு வயசிலிருந்து உங்கள் குழுவைக் கேட்கிறேன். மருத்துவமனையில் குரல் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். நாலாவது பாட்டில் அடியில் ஓடும் சத்தம் மெஷினால் செய்ததா? ஆமென்றால் நீங்கள் கெட்டிக்காரர், இதை மறந்துவிடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே அவர் தொண்டைக்குள் யாராவது பார்க்க வேண்டும். உறுமி உறுமிக் கரகரப்பது வேறு. இது மூச்சுப் போகும் வழியில் எதுவோ குறுக்கே நிற்கும் சத்தம்."

காது அதை மூன்று தரம் படித்தான். பிறகு பழைய ஆழங்களைத் தேடி எடுத்து, ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்டான். முதலாவதில் இருபத்து நாலு வயசு, தொண்டை கிழியக் கத்துகிற பையன். ஐந்தாவதில் குரல் தடித்திருந்தது. ஏழு சுத்தம். எட்டில், ஆறாவது விநாடியில், ஊசி முனை அளவுக்கு அது இருந்தது. இருமல் மருந்து என்று கிண்டலடித்தவனுக்கு இவனைவிட நல்ல காது.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனான். பாதாளம் சமையலறை மேஜையில் வேலைச் சட்டையோடு உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், விடிஞ்சதும் வந்து நிக்கற? டிக்கெட்டா? தீர்ந்துபோச்சு. டயர்கடைக்காரன் பொண்டாட்டிக்கே கிடைக்கல."

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் மேடை. இரண்டு வாரம் இருந்தது.

"மாமா, அந்தச் சத்தம் நான் போட்டதில்ல."

"எந்தச் சத்தம்?"

"அடியில ஓடுதே, அது. மெஷின்ல ஒண்ணும் பண்ணல. இருந்ததைத் தூக்கி மட்டும் விட்டேன்."

"வித்தைன்ன?"

"பொய் சொன்னேன்."

அக்கா அடுப்பை அணைத்தாள். "அப்ப அது எங்கேருந்து வருது?"

காது பாதாளத்தின் கழுத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா முழுங்க முடியலன்னு சொல்றார்" என்றாள். "டாக்டர்கிட்ட போலாம்னு கரடியாக் கத்தினேன். இவர் என்ன பண்ணார் தெரியுமா? உன் பாட்டைப் போட்டுக் காட்டினார். குரல் கெட்டிருந்தா இப்படி வருமாடி, உன் தம்பி என்னமா செதுக்கியிருக்கான் பாருன்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சரி, விடு" என்றார் பாதாளம். "அப்ப இத்தனை பேரு விளக்கைப் போட்டுக்கிட்டுக் கேக்கறது என் தொண்டையவா?" சிரித்தார். சிரிப்புக்கு அடியிலும் அது ஓடியது. சின்ன அறை, கம்பியும் இல்லை, மைக்கும் இல்லை. மூன்று பேருக்கும் கேட்டது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"மேடை முடியட்டும். பதினாலு நாள்தானே."

"ரொட்டியை ஊறவச்சுத் திங்கறவருக்கு மேடை ஒண்ணுதான் கேடு" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரியாது. எட்டாவதுக்கு என்னை எப்படிக் காறித் துப்பினானுங்கன்னு. இப்பதான் கேக்கறானுங்க."

காது போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஏழாவது ஆழத்தைப் போட்டான். பிறகு எட்டாவதை. பாதாளம் ஆறாவது விநாடியில் தலையைத் திருப்பினார்.

"திரும்பப் போடு."

போட்டான்.

"இன்னொரு தரம்."

மூன்றாவது தரம் முடிந்ததும் ரொட்டிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "இது எப்ப எடுத்தது?"

"மூணு வருஷம் ஆச்சு."

"அப்பவே உனக்குக் கேக்கலியா?"

"இல்ல, மாமா."

"உனக்குப் போய்க் காதுன்னு பேரு வச்சோம்" என்றார். பிறகு மனைவியிடம், "அந்த வெள்ளைச் சட்டையை எடு" என்றார்.

மருத்துவமனையில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கினார்கள். திரையில் ஈரமான இளஞ்சிவப்புக் குகை தெரிந்தது. முப்பது வருஷப் பிணமும் புழுவும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வந்திருக்கின்றன. இரண்டு குரல் மடிப்புகளில் ஒன்றின்மேல் வெள்ளையாக, பூஞ்சணம் பூத்ததுபோல ஒரு மேடு. மூச்சு விடும்போதெல்லாம் அதன் ஓரம் துடித்தது. குழாயை உருவிய டாக்டரம்மா அதற்குப் பேர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரம் ஒரு நாள் தருகிறேன் என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசம்" என்றார் பாதாளம்.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"மூணு வருஷம்" என்றான் காது.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "நீங்க யாரு? எப்படிச் சொல்றீங்க?"

"இவர் குரலைப் பதிவு பண்றவன். எங்கிட்ட இருக்கு."

போனையும் ஹெட்போனையும் நீட்டினான். எட்டாவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதுக்கப்புறம் எடுத்தது?"

ஒன்பதாவதைப் போட்டான். அவருக்கு மட்டும்தான் கேட்டது. ஆனாலும் மற்ற மூன்று பேரும் மனசுக்குள் விநாடி எண்ணினார்கள். பத்து விநாடியையும் அவர் கேட்கவில்லை. ஏழாவது விநாடியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

பாதாளம் ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இனிமே பேசாதீங்க. ஒரு வார்த்தைகூட வேண்டாம்."

பிறகு வாசலில் நின்ற நர்ஸிடம் எழுதிய சீட்டைக் கொடுத்தார்.

"அடுத்த வாரத்தை அடிச்சிடுங்க. இன்னைக்கு மத்தியானம்னு போடுங்க. கூட வந்தவங்க இங்கேயே இருக்கட்டும்."