பதினேழு பேரைக் கட்டி மேய்த்தவள்

ஊழியம் செய்ய வந்தவர்களை ஊழியம் செய்யாதே என்று பிடித்து நிறுத்துவது லேசான காரியம் இல்லை. கந்தம்மாள் அதைச் செய்தாள். 1957 ஜூன் மாதத்தில், கொடைக்கானலில், இருபத்தோரு நாள் செய்தாள்.

அவள் வேதக்காரி இல்லை. கீழே பள்ளங்கிக் கிராமத்துக்காரி. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பள்ளங்கிக்கு இறங்கும் பாதையோரம் இருந்த மிஷன் விடுதியில் பதினெட்டு வருஷமாகச் சமையல் பார்த்தவள். கோடைக்கு வருகிற வெள்ளைக்காரப் பாதிரிமார் ஒவ்வொருவரும் அவளை மனந்திருப்பிவிடலாம் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்குவார்கள். கடைசியில் அவள் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள்.

அந்தக் கோடைக்கு வந்தவர்கள் பதினேழு பேர். ஆளுக்கொரு ஜில்லாவில் ராஜா மாதிரி இருந்தவர்கள். சொல்லித்தான் பழக்கமே தவிரக் கேட்டுப் பழக்கம் இல்லாதவர்கள். உலகமெல்லாம் சுற்றிய ஃப்ளூ காய்ச்சல் கப்பலில் மதராஸுக்கு வந்து, ரயிலேறி, பஸ் பிடித்து, மலைக்கும் வந்தது. விடுதிக்குள் அதைக் கொண்டுவந்தவர்கள் இவர்களில் இரண்டு பேர்தான். மூன்றாம் நாள் விடுதிப் பொறுப்பாளர் இங்கிரிட் அம்மாவே படுத்துவிட்டார். டவுன் டாக்டர் வந்து பார்த்து, மூன்று வாரத்துக்கு ஒருவரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டைப் பார்க்க ஓடினார்.

கேட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது யார்? இங்கிரிட் அம்மா படுத்தபடியே கந்தம்மாளைக் கைகாட்டினார். "இவள் ஊரில் நோய்க்கு ஊரைக் கட்டுவார்கள். வழி இவளுக்குத் தெரியும். இவள் சொன்னால் நான் சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

ஊரைக் கட்டுவது என்றால் வேறொன்றும் இல்லை. கொள்ளைநோய் என்று காதில் விழுந்ததும் பள்ளங்கிக்காரர்கள் எல்லையில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவன் வெளியே போக மாட்டான், வெளியே இருப்பவன் உள்ளே வர மாட்டான், மாமன் மச்சான் ஆனாலும் சரி. இப்போது ஊரையும் கட்டி, விடுதியையும் கட்டியாயிற்று. கேட்டிலிருந்து முப்பது அடியில் ஒரு பாறை. கந்தம்மாளின் மருமகன் குழந்தைவேல் கீழேயிருந்து காய்கறியைக் கொண்டுவந்து பாறையில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்று கை தட்டுவான். அதற்குப் பிறகுதான் இவள் போய் எடுப்பாள். காலிக் கூடை திரும்பிப் போகாது.

சொல்லவே வேண்டாம், அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் சின்னத்தாயிக்கு நிறைமாதம். முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. பிரசவத்துக்குப் போவதற்கு லீவுகூடச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் இருமிக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி புகட்டிய கை அவளுடையது. அந்தக் கையோடு மகள் வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினேழு பேரும் லேசில் அடங்கினார்களா? முதல் வாரமே இரண்டு அம்மாமார்கள், பள்ளங்கி ஏழைகள் குளிரில் வாடுவார்களே என்று கம்பளிகளை மூட்டை கட்டினார்கள். நல்ல மனசுதான். ஆனால் மூட்டையில் இருந்தது காய்ச்சல்காரர்கள் போர்த்திய கம்பளி. கந்தம்மாள் மூட்டையை அப்படியே கொதிக்கிற அண்டாவில் போட்டாள். கூட்டம் கூடிப் பாடுவதையும் நிறுத்தினாள். அவரவர் அறை ஜன்னலில் நின்று பாடச் சொன்னாள். பின்வாசலால் நழுவப் பார்த்த ஒருவருக்கு ஒரு நாள் முழுக்கக் காப்பி கிடைக்கவில்லை. மறுநாள் அவரே மற்றவர்களுக்குக் காவல் நின்றார்.

ஒன்பதாம் நாள் குழந்தைவேல் கை தட்டாமல் கத்தினான். "அத்தே, ஆம்பளப் பிள்ள." கந்தம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜன்னல் ஜன்னலாகத் தோத்திரம் கேட்டது.

பதிமூன்றாம் நாள் அவனோடு அவன் தாய் ராக்காயியும் வந்தாள். இரண்டு பேர் முகமும் சரியில்லை. சின்னத்தாயிக்கு நேற்று முதல் குளிர்காய்ச்சல், கண் திறக்கவில்லை என்றார்கள்.

அதற்குள் பாதிரியார் ட்ரேவர்ஸ் மருந்துப்பெட்டியோடு கேட்டுக்கு வந்துவிட்டார். ஆறடி உயரம், சமவெளியில் முப்பது வருஷ ஊழியம், தமிழ் முழுக்க வேதாகமத் தமிழ்.

"உன் குமாரத்தி வியாதியாயிருக்கிறாள். வியாதியஸ்தரை விசாரியாமல் நான் எப்படி இருப்பேன்? கதவைத் திற."

"தொறக்க மாட்டேன் ஐயா."

"உனக்கு இரக்கம் இல்லையா?"

கந்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அது என் மக ஐயா. ரெண்டைப் பறிகுடுத்துட்டு மூணாவதாப் பெத்திருக்கா. பேரன் மூஞ்சிய இன்னும் நான் பாக்கலை. கேட்டைத் தொறந்துகிட்டு ஓடணும்னா மொத ஆளா ஓட வேண்டியவ நான். நானே நிக்கேன். நீங்களும் நில்லுங்க. மத்த நாள்லாம் போறதுதான் ஒங்க சோலி. இன்னிக்கிப் போகாம இருக்கதுதான் சோலி."

ட்ரேவர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாய் போகலாம்ல," என்றாள் கந்தம்மாள். "நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க. இங்கனயே நின்னு கேக்கட்டும்."

பதினேழு பேரில் ஒருவரான நர்ஸம்மா பீகாரிலிருந்து வந்தவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் கேட்க, ட்ரேவர்ஸ் அதைத் தமிழாக்கி மூடுபனிக்குள் முப்பது அடி தூரத்துக்குக் கத்த வேண்டும். முதல் கேள்வியைக் கேட்டதுமே பாதிரியார் முகம் சிவந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். "அவளுடைய ஸ்தனங்கள் பாரமாயிருக்கின்றனவா?"

"என்னாங்காரு?" என்றாள் ராக்காயி.

"பால் கட்டியிருக்கான்னு கேக்காரு மதினி."

"அதைச் சொல்லுங்க. ஒரு பக்கம் கல்லாக் கெடக்கு. தொட விடமாட்டேங்கா."

துர்வாடை உண்டா, ரத்தம் அதிகம் போகிறதா என்று பாதிரியார் ஒவ்வொன்றாகக் கத்தினார். பிரசங்க மேடையில் வாயில் வராத சொல்லெல்லாம் அன்றைக்கு மலை முழுக்கக் கேட்டது. அதெல்லாம் இல்லை என்றாள் ராக்காயி. பிள்ளை பால் குடிக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "காய்ச்சல்காரி பாலு பிள்ளைக்கு ஆகாதுன்னு நிப்பாட்டிட்டோம். சீனித்தண்ணிதான் குடுக்கோம்."

பாதிரியார் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நர்ஸம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். காய்ச்சல் ஃப்ளூ இல்லை, பால் கட்டியதால் வந்தது. அந்தப் பக்கத்திலேயே பிள்ளையை விடவேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், இந்த மாத்திரையை வேளைக்கு ஒன்று கொடுக்க வேண்டும். பாதிரியார் அத்தனையையும் மூன்று தரம் கத்தினார். மாத்திரைப் புட்டியை வெந்நீரில் கழுவிப் பாறையில் வைத்தார்கள். "வெரசாப் போங்க மதினி," என்று கந்தம்மாள் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பனிக்குள் மறைந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் தகவல் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சோறு அடிப்பிடித்தது. பதினேழு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். செய்தது சரிதானா என்று அவள் தன்னையே கேட்டுக் கேட்டு நொந்தாள். பழனியாண்டவரையும் கேட்டாள்.

மூன்றாம் நாள் வெள்ளனே கை தட்டும் சத்தம். "காய்ச்சல் விட்ருச்சு அத்தே. பய பாலை விடமாட்டேங்கான்." ட்ரேவர்ஸ் தொப்பியைத் தூக்கி எறிந்தார்; அது கூரைமேல் போய் விழுந்தது.

இருபத்தோராம் நாள் டாக்டர் வந்து கேட்டைத் திறக்கச் சொன்னார். படுத்தவர்கள் ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். கொடைக்கானல் டவுனில் இருமல் கேட்காத வீடு இல்லை. பள்ளங்கியில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. அங்கே மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. கந்தம்மாள் தலைமுழுகி, திருநீறு பூசி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே பதினேழு பேரும் வரிசையாக இறங்கினார்கள். இங்கிரிட் அம்மா மட்டக்குதிரைமேல் வந்தார்.

சின்னத்தாயி வாசலில் பிள்ளையோடு நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் சிரித்தாள். கந்தம்மாள் பேரனை வாங்கி மார்போடு அணைத்து, முகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. பிறகுதான் பின்னால் சத்தமே இல்லாததைக் கவனித்துத் திரும்பினாள்.

பூண்டு வயல் வரப்பில் பதினேழு பேரும் நின்றிருந்தார்கள். அளந்து வைத்த மாதிரி முப்பது அடி. அங்கே நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

"நாங்கள் வரலாமா, கந்தம்மா?" என்று ட்ரேவர்ஸ் அங்கிருந்தே கத்தினார்.

கந்தம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "வாங்க ஐயா. எல்லாரும் வாங்க," என்று சொல்லி, முதலில் வந்து சேர்ந்த அவர் கையில் பேரனைக் கொடுத்தாள்.