அலாரம் கான் ஆஃப்

மீனை உறைய வைக்கும் அந்த ஆலையில் மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பெயர். வெளிநாட்டு எஞ்சினியர் ரேடியோவில் படபடவென்று பேசுவதை அவர்தான் கேட்டு ஆட்களுக்குச் சொல்வார். தங்கை புருஷனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே.

அன்று இரண்டாம் அறையில் அம்மோனியாக் குழாயைப் பழுது பார்த்திருந்தார்கள். தான் சொல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது எஞ்சினியரின் உத்தரவு. வாயு கசிந்தால் அலாரம் அவருடைய அறையில்தான் அடிக்கும். முற்றத்தில் நிற்பவர்களுக்கு கம்ப்ரசர் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது.

"லாரிக்காரன் கத்துறான் மச்சான். இன்னும் எவ்வளவு நேரம் வேடிக்கை பாக்குறது?" என்றான் தங்கை புருஷன்.

ரேடியோ கரகரத்தது. "அலாரம் ஹேஸ் கான் ஆஃப் இன் டூ." மீதி இரைச்சலில் கரைந்துபோனது.

ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று நாள் முழுக்கச் சொல்கிறவர் மேஸ்திரி. "அலாரம் ஆஃப் ஆயிடுச்சாம். போ மாப்பிள்ளை, சட்டுனு மீன் பெட்டிய எடுத்துட்டு வா."

போனவன் வரவில்லை. கதவைத் திறந்த மேஸ்திரிக்கு நெடி கண்ணைப் பிடுங்கியது. ஈரத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே ஓடி, அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். முற்றத்தில் கிடத்தியபோது மூச்சில்லை.

விசாரணைக்கு வந்த பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "கான் ஆஃப்னா அலாரம் அடிக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

"ஆஃப்னா நின்னுபோறது தானேம்மா?"

"விளக்கு அணைஞ்சாலும் அதையேதான் சொல்வாங்க. குண்டு வெடிச்சாலும் அதேதான். பால் கெட்டுப்போனாலும் அதேதான். அலாரம்னா மட்டும் அடிக்குதுன்னு எடுத்துக்கணும்."

"அணையறதுக்கும் வெடிக்கறதுக்கும் ஒரே வார்த்தையாம்மா?"

அதிகாரி பேனாவை மூடினார். "உள்ள போகாதீங்கன்னு எஞ்சினியர் நேராச் சொல்லியிருக்கணும்" என்றார் தாழ்ந்த குரலில். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. விபத்து என்று முடித்தார்கள்.

தங்கையிடம் யாரும் விவரம் சொல்லியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேஸ்திரியால் முடியவில்லை. அவள் கணவனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா உள்ள போகச் சொன்னேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

மடிப்பு நின்றது. "அவர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல. சொன்னதும் போயிட்டான்."

"நீ சொன்னா மறுபேச்சு பேச மாட்டாரு." அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "சாப்பிட்டுப் போ" என்று அவள் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

பிள்ளைகள் இருக்கிறார்களே. இரண்டு மாதம் கழித்து அவளும் அதே ஆலைக்கு மீன் கழுவ வந்தாள், அவர் மேற்பார்வையில் இருந்த வரிசைக்கு. முதல் நாள் ரப்பர் கையுறைக்காகக் கை நீட்டினாள்.

"எந்தப் பக்கம் நிக்கணும், மேஸ்திரி?"

கூடப் பிறந்தவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு மாதிரி கூப்பிடவே இல்லை.